சைகோன் பெட்டியைத் திறப்பவர்களுக்கு

1954 மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியன் பியன் பூ, விடுதலைக்குப் போராடிய வியட்நாமியரிடம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. இடையில் ஆறு மாதம்கூட இல்லை. என் தாத்தா அப்போது பிரெஞ்சுக் காலனிப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக, வியட்நாமில் இருந்தார். இன்னொருவர் நாட்டைப் பிரான்சின் கையில் வைத்திருக்கப் போனவர், தான் பிறந்த ஊர் பிரான்சின் கையை விட்டுப் போன செய்தியை அங்கிருந்தே கேட்டார்.

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. பரணில் சைகோனிலிருந்து வந்த ஒரு தகரப் பெட்டி இருக்கும், சுவரில் பதக்கம் மாட்டிய கண்ணாடிச் சட்டம் இருக்கும், வீட்டுப் பெரியம்மா யாராவது நெம் என்ற வியட்நாமியப் பலகாரத்தைச் சுருட்டத் தெரிந்தவராக இருப்பார். ஆனால் போர் எப்படி முடிந்தது, முடிந்தபின் நம் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த தாள்களைப் பின்தொடர்ந்து போனதில் நான் கற்றதை எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்பதால் மற்றவர்களும் தங்கள் வீட்டுத் தாள்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் தாள்களை உயிரோடு வைத்திருங்கள். நம்மூரில் பழைய ஆவணம் கிடைத்ததும் செய்கிற முதல் வேலை லாமினேஷன். தயவுசெய்து வேண்டாம். சூடு பட்டு மை மங்கும், பின்பக்கத்து முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது, ஒரு தடவை ஒட்டினால் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெறுமையாகத் தெரிகிற பின்பக்கத்தையும் எடுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் படையணி எண் ஒரு கல்யாணப் போட்டோவின் பின்னால் பென்சிலில்தான் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் வெள்ளைத்தாள் வைத்து இரும்பு பீரோவில் வையுங்கள். கரையான் ஒரே மழைக்காலத்தில் ஒரு தலைமுறையையே தின்றுவிடும்.

அடுத்து பெரியவர்கள். "போர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். என் அம்மா அப்படிக் கேட்டபோதெல்லாம் தாத்தா, "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவாராம். ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், நான் வேறு மாதிரி ஆரம்பித்தேன். எந்தக் கப்பலில் வந்தீங்க, கப்பலில் என்ன சாப்பாடு, பெட்டியை யார் தூக்கினாங்க, வந்து இறங்கின அன்னிக்கு என்ன உடுத்தியிருந்தீங்க? பொருளைக் கேட்டால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் தேதியும் ஊரும் தானாக வரும். அவர் பேசும்போது நான் திருத்தவில்லை. தேதிகளைப் பிறகு தாள்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, சொல்தாவை மட்டும் கேட்பதோடு விடாதீர்கள், சொல்தாவின் மனைவியையும் கேளுங்கள். ராணுவத்தில் பேசாமல் இருக்கப் பழகியவர்கள் ஆண்கள். பெண்கள் அந்தக் கதைகளைச் சுமந்துகொண்டிருப்பவர்கள்.

என் ஆயா தெற்கு வியட்நாமில் மை தோ பக்கத்துப் பெண், மெக்கோங் கழிமுகத்துக்காரி. 1952-இல் தாத்தாவைக் கல்யாணம் செய்தார். காரைக்காலில் அவரைக் கடைசிவரை 'சைகோன்காரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஓர் அண்ணன், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போராடிய வியட் மின் படையில் இருந்தவர். இது எங்கள் யாருக்கும் தெரியாது. வாழையிலையில் எதையோ மடித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "உங்க தாத்தா அந்தப் பக்கத்து சனங்கள இந்தப் பக்கம் ஏத்திக்கிட்டு இருந்தாரு. எங்க அண்ணன இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் ஏத்திட்டாங்க. ரெண்டு பேரும் கப்பல்லதான்."

புதிர் மாதிரி இருந்த இந்த வாக்கியம் அப்படியே வரலாறு. 1954 ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி வியட்நாம் 17-ஆவது இணைகோட்டில் பிரிந்தது. இரு தரப்புப் படைகளும் அவரவர் பக்கம் போய்ச்சேர 300 நாள் அவகாசம், அதற்குள் மக்களும் விரும்பிய பக்கம் போகலாம். அக்டோபரில் ஹனோயை விட்டு வெளியேறிய பிரெஞ்சுப் படை ஹைபோங் துறைமுகத்தை 1955 மே வரை வைத்திருந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தாத்தா வேலை செய்தது அந்தத் துறைமுகத்தில். அதே மாதங்களில் தெற்கில் இருந்த வியட் மின் போராளிகள் கழிமுகத்தில் காவ் லாஞ் போன்ற இடங்களில் கூடி, போலந்து, சோவியத் கப்பல்களில் வடக்கே போனார்கள். 1956-இல் தேர்தல் நடக்கும், நாடு ஒன்றாகும், இரண்டே வருஷம் என்று அவர்கள் இரண்டு விரலைக் காட்டி விடைபெற்றார்கள். ஆயாவின் அண்ணனும் அப்படித்தான் காட்டினார். அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை.

தியன் பியன் பூவில் பிடிபட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளில் உயிரோடு திரும்பியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்ல, மொராக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா என்று பல காலனிகளின் பிள்ளைகளும், பிரான்ஸ் சேர்த்த வியட்நாமியர்களும் அதில் இருந்தார்கள். ஒரு காலனியை அடக்க இன்னொரு காலனியின் ஏழைப் பையன்களைச் சம்பளத்துக்கு அனுப்பிய போர் அது. வியட்நாமியர் கேட்டது தங்கள் நாட்டை. என் தாத்தா நின்றது தவறான பக்கம். அவரை நான் நேசிக்கிறேன் என்பது இதை மாற்றாது.

பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது உங்களுக்குப் பிடித்ததாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தென்மேற்குப் பிரான்சின் போ நகரில் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய சொல்தாக்களின் சேவைக் கோப்புகள் பலவும் அங்கேதான். படைச்சேவைப் புத்தகத்தில் உள்ள பதிவு எண், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறப்புச் சான்று, நீங்கள் என்ன உறவு என்பதற்கான அத்தாட்சி, இவற்றோடு எழுதிக் கேட்கலாம். பதிவு எண் இல்லையென்றாலும் பெயரும் பிறப்பும் வைத்துத் தேடுவார்கள், நேரம்தான் ஆகும். வந்த கோப்பில் எந்தத் தேதியில் எந்த அணி, எந்தக் கப்பல், எந்த மருத்துவமனை என்று வரிசையாக இருந்தது. அதோடு, எங்கள் வீட்டுச் சுவரில் பெருமையாக மாட்டியிருந்த போர்ச் சிலுவைக்கான பாராட்டுக் குறிப்பும் இருந்தது. 1951-இல் மை தோ மாகாணத்தில் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்த நடவடிக்கையில் 'துணிவோடு' நடந்துகொண்டதற்காக அந்தப் பதக்கம். ஆயாவின் மாகாணம். அவரைக் கல்யாணம் செய்வதற்கு ஒரு வருஷம் முன்பு. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. சட்டத்தை இறக்கிவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்தக் குறிப்பை மொழிபெயர்த்து அதே சட்டத்தின் பின்னால் ஒட்டிவைத்தோம்.

இனி நம் பக்கத்துக் கதை. என்னிடம் வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1 முதல் இந்திய நிர்வாகம். ஆனால் அது நிர்வாக மாற்றம் மட்டுமே. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆனது. காரணம் அல்ஜீரியா. அங்கே போர் நடக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் வாக்கெடுப்பை யாரும் தொட விரும்பவில்லை. 1962 மார்ச்சில் பிரான்சின் எவியானில் அல்ஜீரியப் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, ஜூலையில் அந்த நாடு விடுதலை அடைந்தது. அதே ஜூலையில் நம் ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு முடிந்தது. ஆக, கொடி மாறிய பிறகும் ஏறக்குறைய எட்டு வருஷம் நம் ஆட்கள் சட்டத்தின் பார்வையில் பிரெஞ்சுக் குடிகள்.

குடியுரிமை இப்படிப் பிரிந்தது. பிரெஞ்சு இந்தியப் பகுதியில் பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அங்கேயே குடியிருந்தவர் தானாக இந்தியக் குடிமகன் ஆனார். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது 1963 பிப்ரவரி நடுவரை. அதே பகுதியில் பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கு வெளியே, உதாரணமாக சைகோனில், குடியிருந்தவர் எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர்ந்தார். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தகப்பனின் முடிவே முடிவு. எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர்.

எங்கள் வீட்டை இது இரண்டாக வெட்டியது. தாத்தா 1956-இல் பிரெஞ்சுப் படை கடைசியாக வெளியேறிய வசந்தத்தில் ஆயாவோடு கப்பலேறி, கொழும்பில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து போட் மெயிலில் ஊர் வந்து சேர்ந்தார். பதினைந்து வருஷ சேவை முடிக்காததால் மாதப் பென்ஷன் கிடையாது. அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, சைகோனில் எழுத்தர் வேலையில் இருந்தவர், வரவில்லை. 1962-இல் தாத்தா ஊர்த் திண்ணையில், தம்பி சைகோனில். தம்பி ஒரு கையெழுத்தும் போடாமல் பிரெஞ்சுக்காரர், தாத்தா கையெழுத்துப் போடாததால் இந்தியர். 1975-இல் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த பிறகு அந்தக் குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. அவர்கள் பேரப்பிள்ளைகளும் நாங்களும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள். கையில் உள்ள பாஸ்போர்ட் வேறு.

தாத்தா தெரியாமல் விட்டுவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. ஆயா சொன்னது வேறு. கடைசி மாதத்தில் கூட்டாளிகள் வந்து, "எழுதிக் குடுத்துடு அண்ணே, புள்ளைக்காகவாவது குடு" என்று கெஞ்சினார்களாம். அதற்கு அவர், "ஹைபோங்ல சனங்க மூட்டையோட நின்னத நான் பாத்திருக்கேன். எந்த ஊரு ஆளுனு கேட்டா யோசிக்காம சொல்ற மாதிரி எம்பொண்ணு இருக்கட்டும்" என்றாராம். எழுதிக் கொடுத்தவர்களை இதனால் குறைவாக நினைக்காதீர்கள். பென்ஷனை நம்பி ஆறு வயிறு இருந்த வீட்டில் அது சோற்றுக் கணக்கு. உங்கள் வீட்டில் யார் என்ன முடிவெடுத்தார் என்பதோடு, ஏன் எடுத்தார் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். தாள் முடிவை மட்டும்தான் சொல்லும்.

இப்போது ஏஜென்ட்டுகள் பற்றி. "உங்க தாத்தா சொல்தாதானே, பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கித் தரேன்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்குத் தாளோடு பதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே பிறந்தார்? 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கே குடியிருந்தார்? எழுதிக் கொடுத்தாரா? படையில் இருந்தார் என்பது மட்டும் குடியுரிமை ஆகாது. அதோடு, பிரெஞ்சுச் சட்டத்தில் ஓர் ஐம்பது ஆண்டு விதி இருக்கிறது. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்திருக்க, தானும் பெற்றோரும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு எந்த அடையாளமும் இல்லாதவர், வம்சாவளியைக் காட்டி உரிமை கேட்க வழி அடைபட்டுவிடும். நம் கணக்கில் அந்த ஐம்பது வருஷம் 2012-இலேயே முடிந்தது. எங்களுக்கே உரிமை இல்லை என்று தாள்களைப் படித்த முதல் வாரத்தில் தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் பைசா கொடுக்கவில்லை. சிக்கலான வழக்கு என்றால் வழக்கறிஞரிடம் போங்கள், டீக்கடையில் பார்த்த ஆளிடம் போகாதீர்கள்.

பெயர் எழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பதிவேட்டில் முருகனும் சுப்பிரமணியனும் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டிருப்பார்கள். ரேஷன் கார்டில் ஆங்கில முறை. 1881-இன் ஆணைப்படி சொந்த மரபுச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்குப் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சேர்ந்திருக்கும். சைகோனில் இன்னொரு எழுத்தர் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார். எதையும் 'சரி' செய்யாதீர்கள். எந்தத் தாளில் எந்த எழுத்தில் இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் பட்டியல் போடுங்கள். தேடும்போது எல்லா வடிவத்திலும் தேடுங்கள். நாங்கள் ஒரே ஆளுக்கு ஐந்தாறு வடிவம் பார்த்தோம். புதுச்சேரி நகராட்சியில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் இருக்கின்றன. எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்திலும் அவற்றின் பழைய பிரதிகள் உண்டு.

போரில் இறந்தவர்களைத் தேடுகிறவர்கள் சைகோனுக்கு டிக்கெட் எடுக்கும் முன் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மனிதர்களின் நினைவு' (Mémoire des hommes) என்ற இணையதளத்தில், வியட்நாமும் அடங்கிய பழைய பிரெஞ்சுக் காலனியான இந்தோசீனத்தின் பட்டியலைப் பாருங்கள். சைகோனின் பழைய பெரிய ஐரோப்பியக் கல்லறை 1983-இல் அகற்றப்பட்டு இப்போது லெ வான் தாம் பூங்கா. 1980-களில் பிரெஞ்சுப் படையினரின் எச்சங்கள் வியட்நாமிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டுத் தென் பிரான்சில் ஃப்ரெஜூஸ் நினைவிடத்தில் வைக்கப்பட்டன. பூங்காவில் போய்க் கல்லைத் தேடி அழுத குடும்பத்தை எனக்குத் தெரியும்.

போகிறவர்கள் தெருப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கத்தினா தெரு இப்போது தோங் கோய். ஷார்னே பூல்வார் இப்போது நுயென் ஹுவே. கடிதங்களில் ஓயியே தெரு என்று இருந்தால் அது இன்றைய தோன் தாத் தியேப், செட்டியார்களின் தண்டாயுதபாணி கோவில் இன்னும் அங்கே நிற்கிறது. பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோவிலில் வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றுவதைப் பார்க்கும்போது மனம் நிறையும். நம் ஆட்கள் அங்கே வட்டிக்கடையும் துப்பாக்கியும் மட்டும் வைத்துவிட்டு வரவில்லை.

ஆயாவின் அண்ணனைத் தேடியதில் கற்றது, மாகாணப் பெயரை நம்பக்கூடாது என்பது. பிரெஞ்சுக் காலத்து மை தோ மாகாணம் 1956-இல் தின் துவோங் ஆனது, 1976-இல் தியென் ஜியாங் ஆனது, 2025 ஜூலையில் தோங் தாப்போடு சேர்ந்துவிட்டது. கிராமத்தின் பெயரும் அருகில் ஓடும் வாய்க்காலின் பெயரும்தான் கைகொடுக்கும். அதுவும் வியட்நாமிய எழுத்தில், மேலும் கீழும் உள்ள குறிகளோடு வேண்டும். குறி மாறினால் ஆள் மாறிவிடும். ஆயாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, தன் மொழி எழுதத் தெரியும். அண்ணன் பெயர், அப்பா பெயர், கிராமம் மூன்றையும் ஒரு நோட்டுத் தாளில் அவரையே எழுதச் சொல்லி வாங்கி வைத்திருந்தோம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வாரமே எழுதி வாங்குங்கள். அங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் போராளிகளின் கல்லறைத் தோட்டம் உண்டு, கல்லில் சொந்த ஊரும் பொறித்திருப்பார்கள். உள்ளூர் அலுவலகத்திலும் பட்டியல் இருக்கும்.

அண்ணனின் பெயர் கல்லறையில் இல்லை. அவர் 1975-இல் உயிரோடு வீடு திரும்பி, வயதாகி, படுக்கையில் இறந்திருக்கிறார். இரண்டு விரல் காட்டிய இரண்டு வருஷம் இருபத்தொரு வருஷமாகியிருக்கிறது. அவர் மகளை அந்தத் தாளைக் காட்டித்தான் கண்டுபிடித்தோம். அம்மாவும் அவரும் இப்போது போனில் மொழிபெயர்ப்புச் செயலி வைத்துப் பேசிக்கொள்கிறார்கள்.

பழகிய சில நாளில் அந்த அக்கா கேட்டது: உங்கள் அப்பா எந்தெந்தத் தேதியில் எங்கே இருந்தார்? அம்மா என்னைப் பார்த்தார். போவிலிருந்து வந்த கோப்பை முழுவதுமாக அனுப்பினோம், 1951-இன் பக்கத்தையும் சேர்த்து. கொஞ்ச நாள் பதில் இல்லை. பிறகு ஒரு நீண்ட செய்தி வந்தது. அந்தப் பாராட்டுக் குறிப்பில் கிராமத்தின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் தப்பாக எழுதியிருக்கிறார், சரியான பெயர் இது, அங்கே அன்று இருந்தவர்களில் ஒரு பாட்டி இன்னும் இருக்கிறார், மழை விட்டதும் போய்ப் பேசிவிட்டு எழுதுகிறேன் என்று. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் இப்போது ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.